நோய்க்கு நிறமுண்டோ?

வைத்திய சஞ்சிகைகளிலே வெளிவரும் ஆராய்ச்சிக் கட்டுரை எதனை எடுத்துக்கொண்டாலும், அதில் முதலாவதாக ஓர் அட்டவணை இருக்கும். நோயாளர் எத்தனை பேர், அவர்களுள் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, நோய் தொடங்கிய வயது என்ன, இனம் யாது என்று அது வரிசைப்படுத்திக் கூறும். ஆராய்ச்சியாளர் அதனை ஒரு சடங்குபோலத் தயாரிக்கின்றனர். வாசிப்போரும் சடங்குபோலவே அதனைத் தாண்டிச் செல்கின்றனர். ஆனால் சமுதாயத்தைப் பற்றிச் சிந்திப்பவன் நின்று நிதானித்துப் படிக்கவேண்டிய பகுதி அதுவேயாகும். அதிலே 'இனம்' என்ற ஒரு நிரல் தவறாமல் இருக்கும். நோயாளி என்ன தொழில் செய்கிறாள், அவளுக்குக் கிடைக்கும் கூலி எவ்வளவு, அவள் வீட்டிலிருந்து வைத்தியசாலை எத்தனை மைல், எழுதிக்கொடுத்த மருந்தை வாங்க அவளால் இயன்றதா என்ற நிரல்கள் பெரும்பாலும் இருக்கமாட்டா. தோலின் நிறத்தைக் கணக்கெடுப்பது விஞ்ஞானம் என்றும், வயிற்றின் பசியைக் கணக்கெடுப்பது அரசியல் என்றும் யார் எப்போது தீர்மானித்தனர்?

இலக்கிய ஏட்டிலே நோயைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று முகஞ்சுளிக்கும் நண்பர்கள் சிலர் இருப்பர். நோய் வைத்தியருக்குரியது, வறுமை அரசியல்வாதிக்குரியது, அழகு எழுத்தாளனுக்குரியது என்று பங்குபோட்டுக் கொடுத்தவர்கள் யாரென்று அவர்கள் சற்று யோசித்துப் பார்க்கட்டும். நாம் மேலே செல்வோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் நோய் நியூறோமயலைற்றிஸ் ஒப்ரிக்கா என்பது. 1894ஆம் ஆண்டிலே பிரான்சின் லியோன் நகரத்து வைத்தியரான இயூஜீன் டெவிக் என்பவரும் அவருடைய மாணவரும் இதனை விரிவாக எடுத்துக்கூறியமையால் டெவிக் நோய் என்றும் வழங்குவர். நாமும் அப்பெயரையே கைக்கொள்வோம். கிருமிகளை எதிர்ப்பதற்கென உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் வழிதவறி, உடலின் சொந்த உறுப்பையே பகையென எண்ணித் தாக்கும் நோய்களுள் இது ஒன்று. மூளையிலும் முண்ணாணிலும் பார்வை நரம்பிலும் நீர் சென்றுவரும் வாயிலாக அமைந்த அக்குவாபோரின்-4 என்ற புரதமே தாக்குதலுக்கு இலக்காகிறது. ஒருநாள் காலையில் ஒரு கண் மங்குகிறது; சில நாட்களில் அக்கண் இருண்டுவிடலாம். அல்லது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி அற்றுப்போகிறது. சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ முடியாமற் போகிறது. தாக்குதல் ஓய்ந்தபின் மாதங்களோ ஆண்டுகளோ அமைதி நிலவும். பின்னர் மீண்டும் தாக்கும். ஒவ்வொரு தாக்குதலும் எதையாவது கொண்டுபோகும். கொண்டுபோனதைப் பெரும்பாலும் திருப்பித் தராது. 1999இல் அமெரிக்காவின் மேயோ வைத்திய நிலையத்தார் வெளியிட்ட ஆய்வின்படி, மீண்டும் மீண்டும் தாக்கும் வகையினருள் ஐந்தாண்டு கடந்து உயிர் வாழ்ந்தோர் நூற்றுக்கு 68 பேரே. உருப்படியான சிகிச்சை தோன்றுவதற்கு முந்திய கணக்கு அது.

இந்நோயின் வரலாற்றிலேயே இனம் என்ற சொல் செய்த தீங்கிற்கு நல்லதோர் உதாரணம் உண்டு. மிக நீண்ட காலமாக இதனை மல்ரிப்பிள் ஸ்கிளெறோசிஸ் என்ற வேறொரு நரம்பு நோயின் கிளையாகவே கருதினர். அந்நோயோ வட ஐரோப்பிய வெள்ளையருக்கு உரியது என்று பாடநூல்கள் எழுதிவைத்திருந்தன. யப்பானில் பார்வை நரம்பும் முண்ணாணும் மாத்திரம் பழுதுறும் நோயாளர் பலர் காணப்பட்டபோது, அது அந்நோயின் 'ஆசிய வடிவம்' எனப்பட்டது. ஆசியருக்கு ஆசிய நோய். எவ்வளவு வசதியான விளக்கம்! 2004ஆம் ஆண்டிலே வண்டா லெனன் என்ற அம்மையாரின் தலைமையில் மேயோ ஆராய்ச்சியாளரும் யப்பானிய ஆராய்ச்சியாளரும் கூடி அமெரிக்க நோயாளரின் குருதியையும் யப்பானிய நோயாளரின் குருதியையும் ஒருங்கே சோதித்தனர். இரு சாராரிலும் பெரும்பகுதியினரிடம் ஒரே பிறபொருளெதிரி இருக்கக் கண்டனர். 'ஆசிய வடிவம்' என்று இனத்தின் தலையிற் சுமத்தப்பட்டதில் பெரும்பங்கு டெவிக் நோயே என்பது அப்போதுதான் புலனாயிற்று.

இது வெறும் பெயர்க் குழப்பந்தானே என்று கூறிவிட முடியாது. மல்ரிப்பிள் ஸ்கிளெறோசிசுக்கு நன்மை செய்யும் இன்ரபெறோன் பீற்றா என்ற மருந்து டெவிக் நோயாளருக்குத் தீமை செய்வது, தாக்குதல்களைக் கூட்டுவது. பின்னாளில் வந்த நற்றலிசுமாப், பிங்கோலிமொட் என்பனவும் அவ்வாறே. தவறான பெயர் சூட்டப்பட்டவர்கள் அத்தவறான பெயருக்குரிய மருந்தை ஏற்றிக்கொண்டு தம் கண்களை இழந்தனர். குருதியைப் பார்க்கவேண்டிய இடத்தில் குலத்தைப் பார்த்தால் இப்படித்தான் முடியும்.

இனி அந்த முதலாவது அட்டவணைக்கு வருவோம். பிறபொருளெதிரி காணப்படும் டெவிக் நோயாளருட் பத்தில் ஒன்பது பேர் வரையிற் பெண்கள். நோய் தொடங்கும் வயது சராசரியாக நாற்பதை ஒட்டியது. குழந்தைகளுக்கும் வரும், முதியோருக்கும் வரும்; ஆயினும் பெருந்தொகையினர் குடும்பத்தின் பாரத்தைத் தோளிற் சுமந்து நிற்கும் வயதினர். பிரசவத்தின் பின்னான முதல் மூன்று மாதங்களில் தாக்குதலின் அபாயம் கூடுகிறது என்பதும் அறியப்பட்ட செய்தி. பெண் என்பதற்கு உடற்கூறு சார்ந்த காரணம் உண்டென்பதில் ஐயமில்லை. தன்னையே தாக்கும் நோய்கள் பலவும் பெண்களையே அதிகமாகப் பீடிக்கின்றன. ஆனால் பெண்ணாயிருப்பது உடற்கூறு மாத்திரமா?

இந்நோய் சிலரிடம் வேறொரு வேடத்தில் வருகிறது. மூளையின் அடிப்பகுதியில், வாந்தியைத் தூண்டும் இடம் தாக்கப்படும்போது, விக்கலும் குமட்டலும் வாந்தியும் நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஓயாமல் தொடரும். கண்ணுக்கும் காலுக்கும் எதுவும் நேராத அந்தக் கட்டத்திலே நோயை இனங்கண்டுகொண்டால் பின்வரும் குருட்டையும் முடத்தையும் தடுக்க இடமுண்டு. நடப்பது என்ன? வாந்தியெடுக்கும் பெண்ணை வயிற்று வைத்தியரிடம் அனுப்புவர். கர்ப்பமோ என்று கேட்பர். குழலை விட்டுக் குடலைப் பார்த்து ஒன்றுமில்லை என்பர். ஒன்றுமில்லை என்றபின் மிஞ்சுவது மனந்தான். மாமியாரோடு சண்டையா, வீட்டிலே கவலையா என்று விசாரிப்பர். பெண்ணின் நோவுக்கு ஹிஸ்ரீரியா என்று பெயரிட்டுக் கோப்பை மூடிய பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டோடு ஒழிந்துவிடவில்லை. சொல் மாறிற்று, பார்வை மாறவில்லை. பத்தில் ஒன்பது ஆண்களைப் பீடிக்கும் நோயாக இது இருந்திருப்பின், அந்த விக்கலை இன்னும் சற்று அக்கறையோடு கேட்டிருப்பார்கள் என்று நாம் கருதுவது பிழையாகுமா?

அடுத்தது இனம். இங்கேதான் நமது வாதம் சூடுபிடிக்கிறது.

இந்நோயின் பரம்பலைப் பற்றிப் பெரிதும் எடுத்தாளப்படும் ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. அமெரிக்காவின் மின்னெசோட்டா மாநிலத்தில் மேயோ வைத்திய நிலையம் அமைந்துள்ள ஒல்ம்ஸ்ரெட் மாவட்டத்தையும், கரிபியன் கடலிலே பிரான்சின் ஆட்சியிலுள்ள மார்ட்டினீக் தீவையும் அது ஒப்பிட்டது. பெரும்பான்மையாக வெள்ளையர் வாழும் ஒல்ம்ஸ்ரெட்டில் லட்சம் பேருக்கு 3.9 பேர், ஆபிரிக்க அடிமைகளின் சந்ததியார் வாழும் மார்ட்டினீக்கில் லட்சம் பேருக்கு 10 பேர். இனவாரியாகப் பிரித்தபோது ஒல்ம்ஸ்ரெட்டின் கறுப்பினத்தவரிடையே விகிதம் லட்சத்துக்கு 13 என்றும், வெள்ளையரிடையே 4 என்றும் வந்தது. ஆராய்ச்சியாளர் நேர்மையானவர்கள், அவர்கள்மீது நமக்குக் குறையில்லை. ஆயினும் கணக்கைச் சற்றுப் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். 2010ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி ஒல்ம்ஸ்ரெட்டின் மக்கள் ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் சொச்சம். லட்சத்துக்கு 3.9 என்றால் மொத்த நோயாளர் ஆறுபேரளவினர். அங்குள்ள கறுப்பினத்தவர் ஏழாயிரமளவில். லட்சத்துக்கு 13 என்றால் ஒருவர், மிஞ்சினால் இருவர். ஒருவரோ இருவரோ என்ற அந்த மனிதர் விகிதமாகி, விகிதம் 'இன வேறுபாடு' ஆகி, மேற்கோளுக்கு மேற்கோள் தாவிச் செல்கிறார்.

மார்ட்டினீக்கின் கணக்கு இதைவிடப் பலமானது; கறுப்பினத்தவரிடையே அங்கும் விகிதம் உயர்வே. ஆகவே வமிசாவளியிலே ஏதோவொரு ஏது இருக்கலாம் என்பதை நாம் மறுக்கவில்லை. பொருள்முதல்வாதி உடலை மறுத்துவிட்டு எதைப் பேசுவது? ஆனால் மார்ட்டினீக்கிலே இந்நோயை எண்ண முடிந்தது ஏன் என்று கேட்கவேண்டும். அது பிரான்சின் மாகாணமாதலால் பிரெஞ்சு மக்கள் போராடிப் பெற்ற சமூகக் காப்புறுதி அத்தீவினருக்கும் உண்டு. நோயுற்றவர் வைத்தியசாலைக்கு வரலாம், படம் பிடிக்கலாம், குருதி சோதிக்கலாம். அதனால் எண்ணிக்கை கிடைத்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2017இல் வெளியிட்ட நரம்பியல் விபரத் திரட்டின்படி, நரம்பியற் சிகிச்சைத் துறையில் வேலைசெய்வோர் செல்வந்த நாடுகளில் லட்சம் பேருக்கு 7.1, வறிய நாடுகளில் 0.1. பத்து லட்சம் மக்களுக்கு ஒரேயொரு நிபுணர் உள்ள நாட்டிலே லட்சத்திற் பத்துப் பேரைப் பீடிக்கும் நோயை யார் எண்ணுவது? அங்கே கண் போனவளைக் குருடி என்பர். கால் போனவளைச் செய்வினை என்பர். அட்டவணையில் அவள் ஏறமாட்டாள். 'அரிய நோய்' என்ற சொல்லின் பொருளில் ஒரு பாதி, எண்ணுவாரில்லாத நோய் என்பதே.

இனவிகிதம் இயற்கையின் மாறாத விதி என்று எண்ணுவோருக்கு இன்னொரு செய்தியும் கூறுவோம். மேலே குறிப்பிட்ட மல்ரிப்பிள் ஸ்கிளெறோசிஸ் பற்றியது இது. இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் சேவைசெய்த அமெரிக்கப் படைவீரரின் பதிவேடுகளைக் கொண்டு ஜோன் கேட்ஸ்கி என்பவர் 1979இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பினப் படைவீரருக்கு அந்நோய் வரும் வாய்ப்பு வெள்ளையருக்கிருந்ததில் ஏறக்குறைய பாதியாகவே இருந்தது. வெள்ளையர் நோய் என்ற பாடநூல் வாக்கியத்துக்கு இதுவும் ஓர் ஆதாரமாயிற்று. வளைகுடாப் போர்க்காலப் படைவீரரைப்பற்றிய ஆய்வு 2012இல் வெளிவந்தபோது கணக்கு தலைகீழாகியிருந்தது: ஆண்டொன்றுக்கு லட்சம் பேரிற் கறுப்பினத்தவர் 12.1, வெள்ளையர் 9.3. அடுத்த ஆண்டிலே தென் கலிபோர்னியாவில் முப்பத்தைந்து லட்சம் பேரை உள்ளடக்கிய இன்னோர் ஆய்வும் அதையே கூறிற்று: 10.2க்கு 6.9. அந்த மேலதிகம் கறுப்பினப் பெண்களிடமே காணப்பட்டது.

அரை நூற்றாண்டில் ஓர் இனத்தின் பரம்பரை அலகுகள் தலைகீழாகுமா? ஆகா. மாறியது வேறு. முன்னர் கறுப்பினத்தவனின் தள்ளாட்டத்தைக் கண்டு சாராயமென்றும் மேகநோயென்றும் முடிவுகட்டிய வைத்தியன், வெள்ளையர் நோய் அவனுக்கு வராதென்று பாடநூல் கூறியதால் மேற்கொண்டு தேடவில்லையா? அல்லது வாழும் இடமும் தொழிலும் உணவும் மாறியதால் நோயே கூடிற்றா? இரண்டும் சேர்ந்ததா? எதுவாயினும் சமுதாயத்தின் வாசலில்தான் விடை நிற்கிறது.

மார்ட்டினீக்கிலேயே இதற்கொரு சாட்சியுண்டு. 1963ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அரசாங்கம் ஒரு காரியாலயத்தை நிறுவி, கடல்கடந்த மாகாணங்களின் கறுப்பின வாலிபரைக் கப்பலேற்றித் தாய்நாட்டின் வைத்தியசாலைகளிலும் தபாற் கந்தோர்களிலும் தொழிற்சாலைகளிலும் கீழ்மட்ட வேலைக்கு அமர்த்திற்று. அக்காரியாலயம் எண்பதுகளின் தொடக்கத்திற் கலைக்கப்படும்வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு போயினர். காலப்போக்கிற் பலர் திரும்பி வந்தனர். முன்பு மார்ட்டினீக்கில் அருகியே இருந்த மல்ரிப்பிள் ஸ்கிளெறோசிஸ் அவர்களோடு வந்து சேர்ந்தது. 2005இல் வெளிவந்த பிலிப் காப்ர் குழுவினரின் ஆய்வு இதனை எடுத்துக்காட்டிற்று. சிறுபிராயத்திலேயே பிரான்சுக்குப் போனவர்களிடையே அபாயம் மிகக் கூடுதலாயிருந்தது. அதே வமிசாவளி, அதே தோல். மாறியது கூலியுழைப்புச் சந்தை அவர்களைக் கொண்டுபோய் இறக்கிய நிலம்.

நோய் யாருக்கு வருகிறது என்ற கேள்வியை இத்துடன் விடுவோம். வந்தபின் யார் குருடாகிறார் என்பதே அதனினும் பெரிய கேள்வி. 2018இல் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 603 டெவிக் நோயாளரைப்பற்றி வெளிவந்த ஆய்வில், ஆபிரிக்க வமிசத்தவருக்கு நோய் தொடங்கிய வயது சுமார் 33 என்றும், ஆசியருக்கு 36 என்றும், வெள்ளையருக்கு 44 என்றும், முதலாவது தாக்குதல் ஆபிரிக்க வமிசத்தவரிடையே கூடுதலாகக் கடுமையாயிருந்தது என்றும் கண்டனர். 'இவர்களுடைய நோய் கடுமையானது' என்று இதனைச் சுருக்கி மேடையிற் கூறுவோர் உண்டு.

கடுமை என்றால் என்ன? கடுந்தாக்குதல் ஏற்பட்டால் குருதியின் திரவப் பகுதியை வெளியே எடுத்து, அதிலுள்ள பிறபொருளெதிரியை அகற்றும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை உண்டு. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 2018இல் வெளியிட்ட ஒரு கணக்கு இத்துறையில் நாம் படித்தவற்றுள் எல்லாம் மிகப் பயங்கரமானது. தாக்குதல் தொடங்கிய அன்றே அச்சிகிச்சை கொடுக்கப்பட்டால் பூரணமாக மீளும் வாய்ப்பு நூற்றுக்கு 50. இருபது நாட்கள் கழித்துக் கொடுத்தால் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து. நோய் அதே நோய், சிகிச்சை அதே சிகிச்சை. இடையில் இருபது நாள். அந்த இருபது நாட்களில் என்ன நடக்கிறதென்று எந்த ஏழையைக் கேட்டாலும் சொல்வாள். முதல் மூன்று நாள் நாட்கூலியை இழக்க முடியாமல் ஒற்றைக் கண்ணோடு வேலைக்குப் போவாள். பின்னர் கண்ணாடிக் கடைக்காரனிடம் போவாள். பின்னர் பக்கத்து மருந்துச்சாலையிலே சொட்டுமருந்து. அரசாங்க வைத்தியசாலைக்குப் போனால் கண் பிரிவுக்குத் தவணை, அங்கிருந்து நரம்புப் பிரிவுக்குத் தவணை, படம் பிடிப்பதற்குத் தவணை. இன்சூரன்சின்றி வைத்தியசாலை வாசலை மிதிக்க அஞ்சும் அமெரிக்கக் கறுப்பின உழைப்பாளிப் பெண்ணுக்கும் இவ்வரிசையில் இரண்டொரு படிகள் மாறலாமேயன்றி முடிவு மாறாது. இவ்வாறு கழிந்த நாட்களின் விளைவை ஒரு விகிதமாக்கி 'இனம்' என்ற நிரலிலே எழுதிவைத்தால், குற்றவாளி தப்பிவிடுகிறான். தோல் கூண்டில் நிற்கிறது.

தாக்குதலைத் தடுக்கும் மருந்தின் கதை இதனினும் வெளிப்படையானது. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1992இல் தோன்றிய அலெக்சியன் என்ற கம்பனியின் எக்குலிசுமாப் என்ற மருந்து 2019 யூனில் டெவிக் நோய்க்கு அங்கே அனுமதி பெற்றது. மருந்தின் ஆற்றலை நாம் குறைத்துக் கூறமாட்டோம், அபூர்வமான ஆற்றல். பரீட்சையிற் சேர்ந்த 143 பேரில் மருந்து பெற்ற 96 பேருள் மூவருக்கே மீண்டும் தாக்குதல் வந்தது. வெறும் திரவம் பெற்ற 47 பேருள் 20 பேருக்கு வந்தது. அந்த இருபது பேரிற் பலர் பழைய மருந்துகளையும் எடுத்துக்கொண்டிருந்தவர்களே. மனித மூளை சாதித்த வெற்றி இது. விலை? ஆண்டொன்றுக்கு ஐந்து லட்சம் டாலருக்கும் மேல். அதுவும் ஒரு முறை போட்டு முடிவதன்று. இரு வாரத்துக்கொரு முறை, ஆண்டாண்டாக.

ஆராய்ச்சிச் செலவு அதிகம், நோயாளர் குறைவு, ஆகவே விலை அதிகம் என்று கம்பனிகளின் வக்கீல்கள் வாதிடுவர். நம்மவருள்ளும் இவ்வாதத்தைக் கிளிப்பிள்ளைபோல ஒப்புவிப்போர் உண்டு. எக்குலிசுமாப் டெவிக் நோய்க்கெனப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 2007ஆம் ஆண்டு முதல் வேறோர் அரிய குருதி நோய்க்கு விற்கப்பட்டுவந்த அதே மருந்து. 2010இலேயே உலகின் அதிவிலையுயர்ந்த மருந்து என்று, முதலாளிகளின் சொந்தப் பத்திரிகையான போர்ப்ஸ் அதற்குப் பட்டஞ் சூட்டியிருந்தது. 2019இல் மாத்திரம் அதன் விற்பனை 390 கோடி டாலருக்கு மேல். ஈராண்டின் பின்னர் 3,900 கோடி டாலர் கொடுத்து அஸ்திராசெனக்கா கம்பனி அலெக்சியனை விழுங்கிற்று. அரிய நோய்க்கான மருந்துகளை 'அநாதை மருந்து' என்று அழைத்து, அவற்றைச் செய்யும் கம்பனிக்கு வரிச் சலுகையும் ஏழாண்டு ஏகபோகமும் அளிக்கும் சட்டத்தை அமெரிக்கா 1983இல் இயற்றியது. கேட்பாரற்ற நோயாளருக்கென வந்த சட்டம் அது. இன்று அநாதைக்கு அப்பன் பலர். அநாதையின் சொத்து அத்தகையது.

இதே நோய்க்கு இன்னொரு மருந்தும் உண்டு. றிற்றுக்சிமாப் என்பது பழைய மருந்து; சிலவகைப் புற்றுநோய்களுக்கென 1997இல் வந்தது. ஆண்டுக்கு இரண்டொரு தடவை ஏற்றினாற் போதும். ஹைதராபாத்தின் டொக்ரர் ரெட்டீஸ் நிறுவனம் 2007இலேயே அதன் பிரதியைத் தயாரித்து மூலக் கம்பனியின் விலையிலும் வெகு குறைவாக விற்கத் தொடங்கிற்று. டெவிக் நோயாளருக்கு அது பயன்படுவதை உலகெங்குமுள்ள வைத்தியர் ஆண்டுக்கணக்காகத் தம் அனுபவத்திற் கண்டிருந்தனர். ஆனால் முறையான பரீட்சை நடத்த எந்தக் கம்பனி முன்வரும்? இலாபம் எங்கே? இறுதியில் யப்பானில் வைத்தியரே முன்னின்று அதனை நடத்தினர். 38 நோயாளர், பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெறும் திரவம். மருந்து பெற்ற 19 பேரில் ஒருவருக்கேனும் தாக்குதல் வரவில்லை. மற்ற 19 பேரில் ஏழு பேருக்கு வந்தது. 2020இல் முடிவு வெளியாயிற்று. 2022இல் யப்பானிய அரசாங்கம் அனுமதி வழங்கிற்று. இந்தப் பரீட்சை ஏன் பத்தாண்டு முந்தி நடக்கவில்லை? அந்தப் பத்தாண்டிலே கண்ணிழந்தோரின் பெயர்ப்பட்டியல் எந்தச் சஞ்சிகையின் அட்டவணையில் வரும்?

வறிய நாடுகளில் இன்றும் பெருந்தொகையினர் நம்பியிருப்பது அசதயோப்பிரின் மாத்திரையையும் பிரெட்னிசொலோனையுமே. இரண்டும் ஐம்பதுகளில் உருவாக்கப்பட்டவை, காப்புரிமை காலாவதியானவை, மலிவானவை. அவற்றால் உயிரும் பார்வையும் தப்பியோர் ஏராளம் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் மலிவான மாத்திரைகூட நாள்தோறும் கிடைத்தால்தான் மருந்து. 2022இல் நம் நாட்டிலே அந்நியச் செலாவணி வற்றி, அரசாங்க வைத்தியசாலைகளின் மருந்தறைகள் வெறுமையானபோது, இல்லை என்ற துண்டோடு வெளிக் கடைக்கு அனுப்பப்பட்டோர் எத்தனை ஆயிரம்! நரம்பு நோயாளர் மருந்தை இடைநிறுத்துவது, கதவைத் திறந்துவைத்துக் கள்வனை அழைப்பது போன்றது.

இந்த மண்ணிலேயே இதற்கொரு வழிகாட்டி இருந்தார் என்பதை இளைய ஆசிரியர்கள் அறிவார்களோ என்னவோ. பேராசிரியர் சேனக பிபிலே, டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து, கம்பனிப் பெயரால் அன்றி மருந்தின் சொந்தப் பெயரால் வாங்குவது, நாட்டுக்குத் தேவையானவற்றை மாத்திரம் பட்டியலிட்டு உலகச் சந்தையிற் கேள்விப்பத்திரம் கோரி ஒரே கையால் இறக்குமதி செய்வது என்ற திட்டத்தை வகுத்தார். 1971இல் அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. அதன் முதலாவது தலைவர் அவரே. 1977இல் ஆட்சி மாறியது. தனியார் இறக்குமதிக்குக் கதவு திறந்தது. அவ்வாண்டிலேயே பிபிலே கயானாவிற் காலமானார். இன்று ஒரு கண்ணின் விலை ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலர் என்று நிர்ணயிக்கப்படும் உலகில், அவர் திட்டம் பழங்கதையா, வருங்காலமா? அரிய நோயாளருக்கென எந்த ஒரு சிறு நாடும் தனியே பேரம்பேச இயலாது. பல வறிய நாடுகள் ஒன்றுகூடிப் பிரதி மருந்தை வாங்கினால் பேரத்தின் தராசு சாயும். பிபிலேயின் தர்க்கமும் அதுவே.

முதலாவது அட்டவணைக்கு மீண்டும் வருகிறோம். வைத்திய பீடங்களிலே பயிலும் மாணவர் நம் வாசகருள்ளும் இருக்கிறார்கள். நாளைக்கு நோயாளர் பதிவேடுகளை எழுதப்போகிறவர்கள் அவர்களே. இனம் என்ற நிரலை அவர்கள் அழிக்கவேண்டுமென்று நாம் கோரவில்லை. அதன் அருகே இன்னும் இரண்டைச் சேர்க்கட்டும்: முதல் அறிகுறிக்கும் முதல் சிகிச்சைக்கும் இடையிற் சென்ற நாட்கள் எத்தனை, காசின்மையாலோ கையிருப்பின்மையாலோ மருந்து நின்ற மாதங்கள் எத்தனை. இவற்றை அறிய விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. கட்டிலருகே உட்கார்ந்து அந்தப் பெண்ணைக் கேட்டால் சொல்வாள்.